தந்தி இல்லாமல் லயத்துக்குப் போன நாள்

ஐம்பதுகளின் நடுவில் ஆறு வருஷம் நான் தந்திக்காரனாக இருந்தேன். இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஓர் உப தபால் கந்தோர். அதன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலவாக்கலையிலிருந்து டெலிபோனில் சொல்லப்படும் செய்தியை அவர் ஆங்கிலத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தருவார். அதைச் சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இந்திய வம்சாவளி என்பதால் எனக்குப் பிரஜாவுரிமை கிடையாது. அதனால் அரசாங்கப் பட்டியலில் என் பெயர் இல்லை; மாஸ்டர் தன் பொறுப்பில் வைத்திருந்த ஆள் நான். காக்கிச் சட்டை மட்டும் யாரோ ஓய்வுபெற்ற பியூனிடம் வாங்கிக் கொடுத்தார். தோள் எனக்குப் பெரிதாக இருந்தது.

துரைமாருக்கும் கிளாக்கர்மாருக்கும் வரும் தந்திகள் தோட்டத்து ஆபீசோடு முடிந்துவிடும். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு வரும் தந்தி வேறு மாதிரி. அவை இந்தியாவிலிருந்து வரும். அநேகமாக ஒரே செய்திதான். அப்பா இறந்துவிட்டார், உடனே புறப்படவும். அண்ணன் இறந்துவிட்டார், உடனே புறப்படவும். கப்பலேறிப் போய்ச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிடும் என்று அனுப்புகிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நான் டவுன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். லயத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இல்லை. ஆகவே உறையை நானே பிரித்து, நானே படித்து, நானே தமிழில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ரசீதில் கைநாட்டும் வாங்க வேண்டும். அதற்காக ஒரு சின்னத் தகர டப்பாவில் மை நனைத்த பஞ்சு வைத்திருப்பேன். அழுதுகொண்டிருக்கிற ஒருவரின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தி, என் கைக்குட்டையால் துடைத்துவிடுவேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இப்படிப்பட்ட ஒருவனோடு யார் சிரித்துப் பேசுவார்கள்? நான் ரோட்டில் வருவது தெரிந்தால் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சைக்கிள் எந்தத் தோட்டத்துக்குள் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். தங்கள் தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்றால் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்கும். அது என் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும்.

என் அப்பாவும் அம்மாவும் தம்பியும் துறையூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் பிரஜாவுரிமை மனு நிராகரிக்கப்பட்டதும், இனி இங்கே என்ன இருக்கிறது என்று புறப்பட்டுவிட்டார். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பிறகு வருகிறேன் என்று நின்றுகொண்டேன். பிறகு என்றால் எப்போது என்று அவர்களும் கேட்கவில்லை. தபால் கந்தோரிலிருந்து மூன்று மைல் தள்ளி, ரோட்டு முடக்கில், ஒரு சிங்களக் கிழவரும் அவர் மனைவியும் மரக்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டின் பின்பக்க அறையில் நான் குடியிருந்தேன். காலையில் அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாள், நான் ஒரு வார்த்தை சொல்வேன். சில நாள் அதுதான் என் பேச்சு முழுவதும்.

நான் சொல்ல வந்தது ஒரு மாசி மாதத்து மாலை. அந்தக் காலத்தில் மழை இருக்காது. இரவில் உறைபனி விழும், வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். அன்று நான்கு மணிக்குமேல் ஒரு தந்தி வந்தது. மேல்மலைத் தோட்டம் ஒன்றில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவருக்கு. ஊரில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். ஏற்றம் முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. "மூத்தவரா, நடுவுலவரா?" என்று மட்டும் கேட்டார். தந்தியில் அண்ணன் என்றுதான் இருந்தது. இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள் என்பது அனுப்பியவருக்குத் தோன்றவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். கைநாட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நான் லயத்தின் கடைசி வீட்டை, அங்கே காம்பரா என்பார்கள், தாண்டும்போதுதான் பின்னால் பெண்களின் ஒப்பாரி எழுந்தது.

இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் போதும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேற்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். தேயிலைச் செடிகள் கறுத்துவிட்டன. மூத்தவரா நடுவுலவரா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அப்போது என் நிழல் ரோட்டில் விழுந்தது.

விளக்கில்லாத ரோடு. நிலாவும் இல்லை. சைக்கிளும் நானும் கறுப்பாக எனக்கு முன்னால் நீளமாக விழுந்து, கடிகார முள் மாதிரி வலப்பக்கமாகச் சுற்றினோம். ரோட்டோரத்துச் சவுக்கு மரங்களின் நிழல்களும் அதோடு சேர்ந்து சுற்றின. காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தேன். ஒரு வெளிச்சம் வானத்தின் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தது. எரிவெள்ளி விழுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். இது அவசரமில்லாமல் போயிற்று. வெள்ளையும் பச்சையுமாக, பார்த்தால் கண் கூசுகிற மாதிரி, பின்னால் சிவப்பாக ஒரு வால். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெளுத்து, ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மலைக்கு மேலே வந்ததும் இரண்டாக உடைந்தது. பெரிய துண்டு முன்னால் போக, சின்னது அதன் பின்னாலேயே போய், இரண்டும் அணைந்தன. வாலின் புகை மட்டும் வளைந்து நெளிந்து அப்படியே நின்றது.

எந்தச் சத்தமும் இல்லை. நான் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றேன். வெகுநேரம் கழித்து, கல்லுக்கு வெடி வைத்தது போல தூரத்தில் ஒரு சத்தம் எழுந்து மலை மலையாக உருண்டு போயிற்று.

எனக்குப் பயம் வரவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வந்தது. யாரிடமாவது, உடனே. ரோட்டில் முன்னாலும் பின்னாலும் ஆளில்லை. "பாத்தியா?" என்று வாய்விட்டே கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

கால் மைல் கீழே ஒரு தோட்டத்து லயம் இருந்தது. கூரையின் மேல் அடுப்புப் புகை தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. சைக்கிளை நேராக அந்த லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூதலுக்காக எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. முதல் காம்பராக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். அடுப்பு ஊதிக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது, கையில் ஊதுகுழல் இருந்தது. என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். ஊதுகுழல் கீழே விழுந்தது.

"போயிட்டாரா?" என்றார்.

"இல்லக்கா, தந்தி ஒண்ணும் இல்ல. வானத்துல ஒரு வெளிச்சம்..."

அவர் கேட்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். பக்கத்துக் காம்பராக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய கணவர், ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மணப்பாறைப் பக்கம் போய் இரண்டு வருஷமாகிறது, ஒரு கடிதாசியும் இல்லை என்பதை அந்தக் கூச்சலில்தான் நான் தெரிந்துகொண்டேன். இல்லை, இல்லை, தந்தி இல்லை என்று சொல்லிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். மை டப்பா விழுந்து உருண்டது. அதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

கடைசிக் காம்பராவிலிருந்து கங்காணி வந்தார். வயதானவர், தலையில் கம்பளியைப் போர்த்தியிருந்தார்.

"தந்தி இல்லன்னா இந்த நேரத்துல லயத்துக்குள்ள ஒனக்கு என்னய்யா வேல?"

"வானத்துல ஒரு பெரிய வெள்ளி விழுந்துச்சுங்க. பகல் மாதிரி வெளிச்சம். நீங்க யாராச்சும் பாத்தீங்களான்னு கேக்க வந்தேன்."

கூட்டத்தில் ஒருவர், "இடி இடிச்சுச்சே, அதச் சொல்றாரு போல" என்றார். இன்னொருவர் கதவிடுக்கில் மின்னல் மாதிரித் தெரிந்தது என்றார். வெள்ளி விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெடுதல் என்று ஒரு கிழவி சொன்னாள்.

"வெள்ளி விழுந்துச்சுன்னு சொல்லவா கதவத் தட்டுன?" என்றார் கங்காணி. திட்டுகிற குரல்கூட இல்லை அது. "போய்யா. போய் வேற வேலயப் பாரு."

நான் மை டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் இன்னும் வாசற்படியில்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து சிங்களக் கிழவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நட்சத்திரம் ஒன்று விழுந்தது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். தினமும்தான் விழுகிறது என்கிற மாதிரி இருந்தது. இது பெரியது என்று கையை விரித்துக் காட்டினேன். நல்லது, நல்லது என்று சொல்லி உள்ளே போய்விட்டார். மறுநாள் மாஸ்டரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"நீர் கண்டது எரிநட்சத்திரமாயிருக்கும். அவ்வளவு பெரிசெண்டால் பேப்பரிலை வரும். பாப்பம்."

பேப்பரில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

நான்காம் நாள், அந்த லயத்துக்குக் கீழே பாலத்தடியில் அந்தப் பெண் நின்றிருந்தார். கொழுந்துக் கூடை முதுகில் இருந்தது. வேலை விட்டு நேரே வந்திருந்தார். என்னைக் கண்டதும் ரோட்டின் நடுவில் வந்து நின்றார். நான் இறங்கினேன்.

"தம்பி, அன்னைக்கு எனக்குத்தானே வந்துச்சு?"

"சத்தியமா இல்லக்கா."

"நான் அழுததப் பாத்துட்டுப் பாவம்னு சொல்லாமப் போயிட்டீங்க. அதுல ஒங்க மேல தப்பு இல்ல. இப்ப சொல்லுங்க. நான் அழ மாட்டேன்."

நான் எத்தனையோ விதமாகச் சொன்னேன். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது; அதில் என்ன எழுதியிருந்தால் என்ன? தபால் கந்தோருக்கு வாருங்கள், மாஸ்டரே சொல்லுவார் என்றேன்.

"அவரும் ஒங்க கந்தோருதானே" என்றார்.

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. அன்று கதவைத் திறந்தபோது இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். இருந்தது. வட்டமாக, சிவப்பாக, அடுப்பு வெளிச்சத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் கங்காணி தபால் கந்தோருக்கே வந்துவிட்டார். "ஒங்க ஆளு தந்திய மறைச்சிட்டாருன்னு லயமெல்லாம் பேசுதுங்க. அந்தப் பொம்பள பீலித் தண்ணியில போயித் தல முழுகிட்டு வந்துட்டா. தாலிய மட்டும் கழட்டல. கழட்டணுமா வேணாமான்னு எங்கிட்ட வந்து கேக்குறா. நான் என்னான்னு சொல்றது?" என்றார். மாஸ்டர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி அந்தத் தேதியில் ஒரே ஒரு தந்திதான் என்று காட்டினார். கங்காணி போன பிறகு என்னைப் பார்த்தார்.

"வானத்திலை என்ன நடந்தால் உமக்கென்ன? உம்மை நான் தந்தி குடுக்கத்தானே வைச்சிருக்கிறன்."

ஆனால் அன்று முதல், அந்த வெளிச்சத்தைப் பார்த்த இன்னொரு ஆளைத் தேட ஆரம்பித்தேன். இன்னொருவர் வந்து, ஆமாம், அன்றைக்கு அப்படி ஒன்று விழுந்தது என்று சொன்னால் நான் லயத்துக்கு எதற்குப் போனேன் என்பதை அந்தப் பெண் நம்பலாம். போகிற தோட்டமெல்லாம் கேட்டேன். பஸ் டிரைவரைக் கேட்டேன், பேக்கரியில் கேட்டேன், கோயில் பூசாரியைக் கேட்டேன். பாதிப் பேர் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தந்திக்காரனைப் பார்த்து ஜனங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பத்து நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்தது. ஒப்பாரி காதில் கேட்டுக்கொண்டிருந்த நேரம், வயிறும் காலி, தலை சுற்றியிருக்குமோ என்று நினைத்தேன். இரவில் படுத்துக்கொண்டு அந்த நிழல் சுற்றியதை நினைவுக்குக் கொண்டுவருவேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரயில் பாதை பார்க்கிற சிங்களவர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், தோளில் நீளக் கைப்பிடிச் சுத்தியலைச் சாய்த்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். தண்டவாளத்தோடு நடந்து போய் ஆணி கழன்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலை. எல்லாரையும் கேட்டாயிற்று, இவரையும் கேட்போம் என்று, நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன்.

அவர் பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"பச்ச கலர்" என்றார். "ரெண்டா ஒடஞ்சது. பொறவு சத்தம்."

நான் யாரிடமும் பச்சை என்று சொல்லியிருக்கவில்லை. அவர் சுரங்கத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாராம். இரண்டு தண்டவாளமும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிற்றாம். பின்னால் இஞ்சின் வருகிறது என்று நினைத்துப் பாதையை விட்டுப் பள்ளத்தில் குதித்துவிட்டாராம். வீட்டில் போய்ச் சொன்னதற்கு, குடித்துவிட்டு வந்தாயா என்று மனைவி கேட்டாளாம்.

"நான் அன்னிக்கி குடிக்கல" என்றார் வருத்தமாக. "மத்த நாள் குடிக்கிறது. அன்னிக்கி இல்ல."

அவர் பார்த்ததை அவரும் நான் பார்த்ததை நானும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டோம். மூன்றாம் தடவை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் அந்தப் பெண்ணின் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இங்கேயே இருக்கிறேன், கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஞாயிறு லயத்து ஆட்கள் சாமான் வாங்க வருகிற நாள். கங்காணியிடம் சொல்லி அந்தப் பெண்ணையும் வரவழைத்தேன். கடை வாசல் பலகையில் அவர் உட்காரவில்லை, நின்றார். வெள்ளைச் சேலை உடுத்தியிருக்கவில்லை. ஆனால் பொட்டும் இல்லை. சிங்களவர் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, அன்னிக்கி பெரிய வெளிச்சம் வந்தது. நானும் பாத்தது. இந்த தம்பி பொய் சொல்றது இல்ல. அதச் சொல்லத்தான் ஒங்க கதவுக்கு வந்தது. வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப தந்தி வரல?"

"வரலக்கா."

"அவரு சாகல?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. எங்கிட்ட எதுவும் வரல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவருக்கு நிம்மதி வரும் என்று நான் மூன்று வாரமாக நினைத்திருந்தேன். அவர் பலகையில் மெல்ல உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அன்று லயத்தில் அழுதது போல இல்லை, சத்தமே வரவில்லை. சிங்களவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மூணு வாரமாத்தான் தம்பி நான் தூங்குனேன்" என்றார் அந்தப் பெண், முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "ரெண்டு வருஷமா நாய் கொலைச்சாக்கூட எழுந்து ஒக்காந்துருவேன். செத்துட்டாருன்னு ஆனதும் நல்லாத் தூக்கம் வந்துச்சு. இப்ப மறுபடியும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

உண்மையைச் சொல்லி ஒருவரை அழவைப்பது என் தொழில்தான். ஆனால் அன்றைக்குத்தான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாளே அவருக்காக ஒரு கடிதம் எழுதினேன். கணவரின் ஊர் முன்சீப்புக்கு, இப்படி ஓர் ஆள் அங்கே வந்தாரா, இருக்கிறாரா என்று கேட்டு எழுதி, பதிலை என் பெயருக்குப் போடச் சொன்னேன். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அப்போது தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. ஒரு போஸ்ட்கார்டு. மேற்படி நபர் இங்கு வந்து நான்கு மாதம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார், அதன்பின் கோயமுத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனதாகத் தெரிகிறது, விலாசம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

மாலை மழையில் நனைந்துகொண்டு போனேன். இந்தத் தடவை கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே, "அக்கா, தந்தி இல்ல, கடுதாசி" என்று வெளியிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் உள்ளே வரச்சொன்னார். அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டார். போஸ்ட்கார்டை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை படிக்கும்போது கோயமுத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் போனதில்லை, மேற்கே, மலைப் பக்கம் என்றேன்.

"அங்கயும் மலையா?" என்றார். பிறகு விறகைத் தள்ளிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, இனிமே எனக்கு எதாச்சும் வந்தா, கொண்டாராதீங்க. நீங்களே வச்சுக்குங்க. நான் பாட்டுக்கு இருந்துக்கிறேன்."

"அப்புடிச் செய்யக் கூடாதுக்கா. சட்டம் இருக்கு."

"சட்டந்தான்" என்றார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழப் போனபோது அவர் கேட்டார்.

"அன்னைக்கு என்னதான் பாத்தீங்க? அந்தச் சிங்களவரு ஏதோ சொன்னாரு, எனக்கு அப்ப காதுல ஏறல."

அத்தனை மாதத்தில் அதை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். நிழல் சுற்றியது, தேயிலைச் செடிகள் தனித்தனியாகத் தெரிந்தது, இரண்டாக உடைந்தது. அவர் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னது பின்னாலயே போச்சா?"

"ஆமாக்கா. கொஞ்ச தூரந்தான்."

"ம்" என்றார். அரிசி களைய எழுந்துவிட்டார். நான் புறப்பட்டேன்.

அந்தச் சிங்களவரைப் பிறகும் சில தடவை தேத்தண்ணிக் கடையில் பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவோம். ஒரே பலகையில் உட்கார்ந்து குடிப்போம். எங்களுக்குள் பேச அந்த ஒரு விஷயம்தான் இருந்தது, அது முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அவரை நானுஓயாப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிறேன் என்று சொல்ல அவர் தபால் கந்தோருக்கு வந்தாராம். அன்று நான் தந்தி கொடுக்கப் போயிருந்தேன்.

அந்தப் பெண் பொட்டு வைக்கவேயில்லை. லயத்துப் பெண்கள் சொல்லிப் பார்த்தார்களாம், கை போகவில்லை என்றாராம். தாலி மட்டும் கழுத்தில் கிடந்தது. அவருக்கு ஒரே மகள், அக்கரப்பத்தனையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் தாயையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டாள். அவர் புறப்பட்ட அன்று நான் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தேன். தகரப் பெட்டி ஒன்று, பாய் மூட்டை ஒன்று, ஒரு சாக்கில் பாத்திரங்கள். எல்லாவற்றையும் நான் மேலே ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மணி அடிக்கப் போகிற சமயம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மக இருக்கிற தோட்டத்துப் பேரச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா? எதாச்சும் வந்தா அங்க அனுப்பிவிடச் சொல்லுங்க."

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன். தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், மருமகன் பெயர். எழுதியதைப் படித்துக் காட்டினேன். சரி என்றார். பஸ் போயிற்று.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த விலாசத்தைத் தன் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். அதன் பிறகு நான் ஒன்றரை வருஷம் அந்த வேலையில் இருந்தேன். அந்தப் பெண்ணுக்கு எதுவும் வரவில்லை.